பெட்டியின் பலம் எங்கே இருக்கிறது?

இலஞ்சியில் ஒரு பந்தல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், கோயில் கொடை, குற்றாலத்துச் சாரல் விழா என்று வருடம் முழுக்க வேலை. ஜெனரேட்டர், ஒலிபெருக்கிப் பெட்டிகள், விளக்குச் சரங்கள், இரும்புக் குழாய்கள், சமையல் அண்டாக்கள் எல்லாவற்றையும் திறந்த வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஆனி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் சாரல் எப்போது தூறும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தார்ப்பாயின் இடுக்கில் புகுந்த ஈரம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை ஊறவைத்துவிடும். ஆகவே நாலு பக்கமும் மூடிய, பூட்டுப் போடக்கூடிய ஒரு டிரெய்லர் வாங்க அவர் முடிவு செய்கிறார்.

பட்டறைக்குப் போனதும் பக்கவாட்டுத் தகட்டை விரலால் தட்டிப் பார்ப்பார். "எத்தனை கேஜ்?" என்று கேட்பார். 18 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும், விலையும் ஏறும். தடித்த தகடுதான் உறுதி என்ற நம்பிக்கையில் அவர் 14 கேஜ் வரை போகவும் தயாராக இருப்பார்.

அந்த நம்பிக்கையை ஒரு சின்னக் கணக்கால் சோதிக்கலாம். நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள பெட்டி. அடித்தளத்தை விட்டுவிட்டால் சுவர்கள், கதவு, கூரை எல்லாம் சேர்ந்து 32 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, மில்லிமீட்டருக்கு 7.85 கிலோ. தகட்டின் தடிமனை ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் பெட்டியின் எடை 250 கிலோ கூடும். அந்த 250 கிலோவும் தளத்துக்கு மேலேதான் உட்கார்கிறது. தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், புதிதாகச் சேர்ந்த எடையின் ஈர்ப்பு மையம் தரைக்கு மேல் இரண்டு மீட்டரையும் தாண்டி நிற்கும். உறுதிக்காகச் செலவழித்த பணம், வண்டி கவிழ்வதற்கான வாய்ப்பைத்தான் கூட்டியிருக்கிறது.

அப்படியானால் பலம் எங்கே இருக்கிறது? பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதில் இருக்கிறது. அந்த வழியைப் பின்தொடர்ந்து போவதுதான் இந்த அத்தியாயம்.

மூலைகள் சுமக்கும், சுவர்கள் இறுக்கும்

1956 ஏப்ரல் 26 அன்று, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன் என்பவரின் யோசனை அது. லாரியின் பெட்டியைச் சரக்கோடு அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிடலாம் என்று அவர் கண்டார். அந்தப் பெட்டியை உறுதியாக வடிவமைத்துக் கொடுத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் கன்டெய்னர்கள் அந்தப் பெட்டியின் வாரிசுகள். பல டன் எடையைத் தலையில் தாங்கும் அவற்றின் சுவர்த் தகடு எவ்வளவு தடிமன் இருக்கும்? ஏறத்தாழ இரண்டே மில்லிமீட்டர்தான். மேலே உள்ள பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. சுவரின் வேலை வேறு: தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்வது. தகட்டில் மடிப்பு மடிப்பாக நெளிவு போட்டிருப்பதால் மெல்லிய தகடும் உள்வாங்காமல் நிமிர்ந்து நிற்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தட்டை மட்டும் வெளியே எடுத்து இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கினால் அது எளிதாக முறுக்கிக்கொள்ளும். மேல்புறம் திறந்திருக்கும் எந்தப் பெட்டிக்கும் இதே கதிதான். வெளி உறையை மட்டும் எடுத்து மூலையில் அழுத்துங்கள். சாய்சதுரமாகச் சரிந்து தட்டையாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு இப்போது முறுக்கிப் பாருங்கள். விரலுக்கு அசையாது.

தகட்டுக்குள் ஓடும் விசைக்குச் சுற்றி வர ஒரு முழு வளையம் வேண்டும். வளையம் மூடியிருந்தால் முறுக்கை எதிர்க்கும். ஓரிடத்தில் அறுந்தால் எதிர்ப்பு அடியோடு போய்விடும். 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புக் குழாயில் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டால், அதன் முறுக்கு விறைப்பு 400-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரும்பு அப்படியே இருக்கிறது, எடையும் குறையவில்லை. போனது வளையம் மட்டும்தான்.

மூடிய டிரெய்லரில் அந்தக் கீறல் எங்கே இருக்கிறது என்று தேடினால் பின்கதவில் வந்து நிற்போம். ஜெனரேட்டரைத் தள்ளி ஏற்ற வசதியாகப் பின்புறம் முழுவதும் கதவாக வைப்பார்கள். பெட்டியின் ஆறு முகங்களில் ஒன்று இல்லாமல் போகிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது பெட்டி முறுக்கும். கதவுச் சட்டம் சாய்சதுரமாகும். கதவு பூட்ட வராது, ரப்பர் பட்டை விலகும், அந்த இடைவெளியில் சாரல் உள்ளே வரும். ஆகவே பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது பின்கதவைச் சுற்றியுள்ள சட்டம்தான். அது சதுரக் குழாயால் ஆனதா? நான்கு மூலையிலும் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா? குறுக்குச் சட்டங்கள் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன? இந்த மூன்று கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால் மெல்லிய தகடே போதும்.

முன்பாரமா, பின்பாரமா?

நம்மூரில் கார் பின்னால் டிரெய்லர் கட்டும் வழக்கம் அரிது. டிராக்டர் பின்னால் கட்டுவதுதான் பழக்கம். ஆனால் இரண்டு சக்கர இழுவண்டியின் இயற்பியல் டிராக்டருக்கு முன்பே இங்கே தெரிந்த விஷயம். பாரவண்டியில் நெல் மூட்டை அடுக்கும்போது வண்டிக்காரர் முன்பாரம் ஆகிவிட்டதா, பின்பாரம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மூட்டைகள் முன்னே அதிகமானால் நுகத்தடி மாடுகளின் பிடரியை அழுத்தும். பின்னே அதிகமானால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பாரத்தில் ஒரு சின்னப் பங்கு மட்டும் மாட்டின் மீது சாயும்படி அடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல வண்டிக்காரர்.

கார் அல்லது ஜீப் இழுக்கும் டிரெய்லரில் நுகத்தின் இடத்தில் கொக்கி இருக்கிறது. கொக்கியின் மேல் அழுத்தும் எடைதான் முன்பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நடைமுறை. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். அங்கே டிரெய்லருக்கான வேக வரம்பும் குறைவு. பின்பாரமானால் என்ன நடக்கும்? மாட்டுக்குத் தொண்டை இறுகியது போல, காரின் பின்சக்கரங்களைக் கொக்கி மேலே தூக்கும். பின்டயர்களின் பிடி குறையும். அதோடு டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

வாலாட்டத்தின் காரணம் இது. டிரெய்லர் கொக்கியைச் சுற்றி இடமும் வலமும் ஊசலாடக்கூடிய உடல். காற்றோ பள்ளமோ அதை ஒரு பக்கம் தள்ளினால் டயர்கள் அதை நேர்கோட்டுக்குத் திருப்புகின்றன. மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு ஊசலும் முந்தியதைவிடச் சின்னதாகி ஓய்ந்துவிடும். வேகம் கூடக்கூட இந்த ஓயும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூஜ்யமாகும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஊசலும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் இழுக்கும் காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும். அந்த எல்லை வேகம் பின்பாரத்தால் கீழே இறங்குகிறது. கனமான பொருட்களைப் பெட்டியின் இரு கோடியிலும் பிரித்து வைத்தாலும் இறங்கும், ஏனென்றால் அப்போது ஊசலின் நிலைமம் பெருகுகிறது. கனமானதை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாக வைத்தால் எல்லை வேகம் உயரும். வாலாட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரிசெய்யப் பார்ப்பது ஊசலை வளர்க்கவே செய்யும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவதுதான் வழி.

சுமையில் ஒரு பங்கை இழுப்பவரின் முதுகில் ஏற்றும் யோசனை பெரிய வண்டிகளுக்கும் வந்தது. 1914-இல் டெட்ராய்ட் நகரக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், மர வியாபாரி ஒருவரின் படகை இழுப்பதற்காக ஒரு ஃபோர்டு மாடல் டி காரில் கட்டும்படி டிரெய்லர் செய்து கொடுத்தார். முன்பகுதி காரின் மேல் சாய்ந்து, பின்பகுதி மட்டும் தன் சக்கரத்தில் ஓடிய அந்த அரை டிரெய்லரின் வழியில் வந்தவைதான் இன்று நெடுஞ்சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகள்.

கணவாயின் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டின் மேற்கெல்லையில் சுவர்போல நிற்கிறது. அதில் சில இடைவெளிகள்: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது வேகம் கூடுகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் தேசியக் காற்றுசக்தி நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை நடத்துவதும் இந்தக் காற்றை நம்பித்தான். இலஞ்சிக்குக் குளிர்ச்சியைக் கொண்டுவருவதும் இதே காற்றுதான்.

மூடிய டிரெய்லருக்கு இந்தக் காற்று வேறு முகம் காட்டுகிறது. நம் பெட்டியின் பக்கச் சுவர் 8 சதுர மீட்டர். திறந்த வண்டிக்கு இந்தப் பாய்மரம் கிடையாது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று இந்தச் சுவரை ஏறத்தாழ 130 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். காற்றின் வேகம் 72 கிலோமீட்டரானால் விசை 235 கிலோவாகும். வேகத்தின் இருமடிப்படி விசை உயர்வதால், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இந்தத் தள்ளல் வண்டியைக் கவிழ்க்குமா என்பதைத் திருப்புத்திறன் சொல்லும். 72 கிலோமீட்டர் காற்று தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில் தள்ளும்போது கவிழ்க்கும் திருப்புத்திறன் சுமார் 4,400 நியூட்டன் மீட்டர். இதை எதிர்ப்பது வண்டியின் எடை. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருந்தால், 800 கிலோ எடையுள்ள காலி டிரெய்லர் 5,880 வரை தாங்கும். அதாவது காற்று மட்டுமே நான்கில் மூன்று பங்கைத் தின்றுவிடுகிறது. உள்ளே இரண்டு டன் பொருள் இருந்தால் தாங்கும் அளவு 20,000-ஐத் தாண்டும். காற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். பந்தல் சாமான்களைப் புனலூரில் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு ஆடி மாதக் காற்றில் திரும்பும் பயணத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஓட்டுபவரின் உள்ளுணர்வு இதற்கு நேர்மாறாக, "காலி வண்டிதானே" என்று வேகத்தைக் கூட்டச் சொல்லும்.

இதிலிருந்து பெட்டியின் உயரம் முடிவாகிறது. உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசைக்காக இரண்டடி கூட்டினால் காற்று தள்ளும் பரப்பும் கூடும், தள்ளும் இடமும் மேலே போகும். மிக உயரமான பொருள் எதுவோ அதற்கு மேல் ஒரு சாண் போதும்.

வளைவும் இறக்கமும்

இலஞ்சியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலை, திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வருகிறது. புளியரைக்கு அருகில் உள்ள எஸ் வளைவு லாரி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். 2024 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே இரவில் கவிழ்ந்து, கீழே உள்ள ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகில் வசித்த ஒரு முதிய தம்பதி இருட்டில் தண்டவாளத்தில் டார்ச் விளக்கோடு ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள்.

இப்படிப்பட்ட வளைவில் ஒரு வண்டி எந்த வேகத்தில் கவிழும்? சக்கர இடைவெளியில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். நம் டிரெய்லரின் ஈர்ப்பு மையம் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த எண் 0.75. குழாய்களையும் அண்டாக்களையும் கூரை வரை அடுக்கி மையத்தை ஒன்றரை மீட்டருக்கு உயர்த்தினால் 0.5. வளைவின் ஆரம் 30 மீட்டர் என்றால் முதல் வண்டி மணிக்கு 53 கிலோமீட்டர் வரை தாங்கும். இரண்டாவது 44-லேயே உள்சக்கரத்தைத் தூக்கிவிடும். இது கமான் பட்டையும் டயரும் அமுங்கவே அமுங்காது என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் அவை வெளிப்பக்கம் அமுங்கி மையத்தை மேலும் தள்ளிவிடும். பாரம் ஏற்றிய சரக்கு வண்டிகள் 0.4-க்குக் கீழேயே கவிழ்வதுண்டு. அப்போது வேகம் 39 கிலோமீட்டர்தான்.

இறக்கத்தில் பிரேக் சூடாவது இன்னொரு கணக்கு. 2,800 கிலோ எடையுள்ள டிரெய்லர் 200 மீட்டர் உயரம் இறங்கினால் 55 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேறியாக வேண்டும். 17 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. டிரெய்லரில் தனி பிரேக் இல்லையென்றால் இழுக்கும் வண்டியின் டிரம்மும் டிஸ்க்கும்தான் அவ்வளவையும் விழுங்க வேண்டும். மேலும் அப்போது முன்வண்டி நிற்க முயல, பின்னால் வரும் டிரெய்லர் தள்ள, இரண்டும் கொக்கியில் மடிந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர் பாடம், ஆற்றலில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளச் செய்யும் வழி. ஒரு டன்னுக்கு மேல் ஏற்றப் போகிறவர் டிரெய்லரிலேயே பிரேக் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பொருளும் பிரேக்கை உணர்கிறது. பாரம் கட்டும் முறைக்கான ஐரோப்பியத் தரம், பொருளின் எடையில் 80 சதவீத விசையை முன்பக்கமும், 50 சதவீதத்தைப் பக்கவாட்டிலும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 150 கிலோ ஜெனரேட்டர் திடீர் பிரேக்கில் 120 கிலோ விசையோடு முன்சுவரை நோக்கிப் போகும். மூடிய பெட்டிதானே, எங்கே போய்விடும் என்று கட்டாமல் விட்டால், அதைத் தடுக்கும் வேலை ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டின் தலையில் விழும். பெல்ட் மாட்டும் வளையங்கள் தகட்டில் இல்லாமல் அடிச்சட்டத்தில் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். தளத்தில் ரப்பர் விரிப்பு போட்டால் உராய்வே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரும்பின் சோர்வு

1842 மே மாதம் பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓடிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து பலர் இறந்தார்கள். அச்சு அதற்கு முன் பல பயணங்களில் அதே பாரத்தைச் சுமந்ததுதான். தாங்கக்கூடிய பாரத்தையே மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால் இரும்பு எப்படி முறிகிறது என்று பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். மிகச் சிறிய விரிசல் ஒன்று ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, மீதியுள்ள இரும்பு ஒருநாள் சட்டென்று விட்டுவிடுகிறது.

டிரெய்லரில் இந்த விரிசல் பிறக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கொக்கிக்குப் போகும் இழுகம்பி அடிச்சட்டத்தோடு சேரும் பற்றவைப்பு. ஒவ்வொரு பள்ளத்திலும் அங்கே வளைவு விசை உச்சத்துக்குப் போகிறது. வாங்கும் முன் கீழே படுத்துப் பாருங்கள். இழுகம்பி சட்டத்தின் முன்விளிம்போடு முடிந்துவிட்டால் யோசியுங்கள். அடியில் அச்சு வரை நீண்டு ஓடினால் நல்லது. வாங்கிய பிறகு பெயின்டில் மெல்லிய துருக்கோடு தெரிகிறதா என்று அதே இடத்தை அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

பெட்டிக்குள் பெய்யும் மழை

ஓட்டையே இல்லாத பெட்டியும் உள்ளே நனையும். பகலில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 16 கன மீட்டர் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டுகிறோம். இரவு 22 டிகிரிக்குக் குளிரும்போது அந்தக் காற்றால் பிடித்துவைக்க முடியாத ஏறத்தாழ 80 கிராம் நீர் கூரைத் தகட்டின் உட்புறம் துளியாகும். நனைந்த பந்தல் துணியை உள்ளே போட்டிருந்தால் அது கிராமில் நிற்காது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் அரிமானம் வேகமெடுக்கும். சாரல் காலத்தில் இந்தப் பக்கத்துக் காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அரிது.

தீர்வு காற்றோட்டம். ஒரு சுவரில் தாழ்வாகவும் எதிர்ச்சுவரில் உயரமாகவும் சாய்ந்த இதழ்கள் கொண்ட துளைகள் வேண்டும். தாழ்ந்த துளைக்கு இன்னொரு அவசியமும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஜெனரேட்டர் டாங்கியிலிருந்து கசிந்தால் தரையோடு தேங்கும். பெட்டிக்குள் வைத்து ஜெனரேட்டரை ஓட்டுவது எந்தத் துளை இருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேராக முடுக்கினால், ஈரம் பட்டதும் இரண்டுக்கும் இடையே ஒரு மின்கலம் உருவாகி அலுமினியம் அரிபடும். நடுவே ரப்பர் பட்டையோ கெட்டியான பெயின்டோ இருக்க வேண்டும்.

எடைமேடையில் ஒரு சோதனை

சட்ட விதிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988 டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. இழுக்கும் வண்டியின் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருக்கும் எடையே கடைசி வார்த்தை. பின்விளக்கும் ஒளி திருப்பும் பட்டைகளும் இல்லாமல் இரவில் சாலைக்கு வரவே கூடாது.

வாங்கி, வழக்கமாகப் போகும் சாமான்களை ஏற்றியதும், பக்கத்தில் உள்ள லாரி எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். டிரெய்லரைக் கழற்றி, கொக்கிப் பக்கத்தைத் தாங்கும் முன்தாங்கியோடு முழுவதையும் மேடையில் நிறுத்தி ஓர் எடை. பிறகு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, முன்தாங்கி வெளியே நிற்கும்படி வைத்து இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பாரம். மொத்தம் 2,000 கிலோ என்றால் வித்தியாசம் 200-லிருந்து 300-க்குள் வர வேண்டும். அந்த அளவை உங்கள் வண்டியின் கொக்கி தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 175 வந்தால், 150 கிலோ ஜெனரேட்டரை அரை மீட்டர் முன்னே தள்ளுங்கள். கொக்கிக்கும் அச்சுக்கும் மூன்று மீட்டர் இருந்தால் அதிலேயே 25 கிலோ ஏறிவிடும். கணக்கு சரியானதும் ஒவ்வொரு பொருளும் நிற்கும் இடத்தைத் தளத்தில் பெயின்டால் கோடு போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த முறை அவசரத்தில் சாமான் ஏற்றும் வேலையாட்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்து வைத்தால் போதும்.